காலியாக விட்ட பக்கம்

கவின், யாழினி, நீங்கள் இரண்டு பேரும் இதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். காய்ந்த மணலில் டேங்கர் லாரி தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததும் ஒரு வாசம் கிளம்பும். அதோடு கடல் பக்கத்து மீன் கவிச்சியும் சேர்ந்து மூக்கில் ஏறினால், கோர்ஃபக்கானில் இன்று நாடகம் என்று எனக்கு அர்த்தம். புழுதி அடங்கினால்தானே நடிக்கிறவர்கள் வாயைத் திறக்க முடியும், அதற்காகத்தான் அந்தத் தண்ணீர்.

இப்போது ஷார்ஜாவில் நம் முவைலாவிலிருந்து மலையைக் குடைந்த சாலையில் நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் அந்த ஊர் வந்துவிடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது அது அமீரகத்தின் கடைசி ஓரம் போலத்தான் இருந்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் துறைமுகம், சுற்றிலும் வேலையாட்கள் தங்கும் "கேம்ப்". உங்கள் தாத்தா ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். குடும்பத்தோடு இருந்த தமிழர்கள் மிகச் சிலர், அவர்களும் தூரத்தில் இருந்தார்கள். அப்பா டூட்டிக்கும் நான் பள்ளிக்கும் போய்விட்டால் அம்மாவுக்குப் பேச ஆள் கிடையாது. "செவுத்துக்கிட்ட பேசிப் பேசி செவுரே பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அது சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

வெயில் காலத்தில் வெளியே நிற்கவே முடியாத ஊரில், குளிர் தொடங்கி ஸ்வெட்டர் வெளியே வந்ததும் "காக்கா செட்" கிளம்பிவிடும். கீழக்கரைக்காரர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். தையல் கடை வைத்திருந்த ஹமீது காக்காதான் அந்த நாடகக் குழுவுக்கு எல்லாமும். கதை எழுதுவதும் திரை தைப்பதும் அவர்தான், எடுபிடி ஆட்களைத் திட்டுவதும் அவர்தான். வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் ஆட்டம் தொடங்கும், குளிர் போகும்வரை நடக்கும். எல்லாம் குடும்பக் கதைகள். பெண் வேஷம், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்ப்பெண்டர் செல்வராசு அண்ணனுக்கு. அதற்காக அவர் குளிர் காலம் முழுக்க மீசையை மழித்துக்கொண்டு திரிவார்.

டேங்கர் ஓட்டுகிற முருகன் அண்ணன் அவரை விடமாட்டார்.

"மாப்ள, இந்த மூஞ்சிய போட்டோ புடிச்சு ஊருக்கு அனுப்பிராத. வீட்ல எவன் செத்துட்டான்னு சனம் ஒப்பாரி வைக்கக் கெளம்பிரும்."

"போய்யா, நீ மீசையோட இருந்தும் உனக்கு எவன் பொண்ணு குடுத்தான்?"

முகம் சரியாகத்தான் இருந்தது, குரல்தான் கான்கிரீட் மிக்ஸர். புடவையைச் சரிசெய்துகொண்டு அவர் "அத்தான்" என்றதும், கண்ணீர் வரவேண்டிய இடத்தில் மைதானமே விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வருடம் ஹமீது காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீங்க வெளிய வர வேணாம். திரைக்குப் பின்னாடி உக்காந்து பேசுனா போதும், இவன் வாயை மட்டும் அசைக்கட்டும். இவன் குரல்ல அழுகைக் கட்டம் வச்சா என் கதை நாசமாப் போவுது."

அப்பா சிரித்துவிட்டுச் சரி என்றார். அம்மா அன்றிலிருந்து தேங்காய் துருவும்போதும் துணி மடிக்கும்போதும் வசனம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பேசுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். முதல் நாள், கதையில் குடித்துவிட்டு வந்த புருஷனைப் பார்த்து, "சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வரத் தெரியாதா, ஒனக்குன்னு ஒருத்தி ஒல வச்சு ஒக்காந்திருக்கான்னு நெனப்பு வேண்டாமா?" என்று அவள் திட்டியபோது மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "அக்கா, ஒன்ஸ்மோர்!" பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள், திட்டுக்குக் கேட்டதை நான் அங்கேதான் பார்த்தேன். வருடக்கணக்கில் லீவு கிடைக்காமல், ஒரு பெண் நேருக்கு நேராகத் தமிழில் பேசிக் கேட்காமல் இருந்தவர்கள் அவர்கள். அம்மா மறுபடியும் திட்டினாள், முதல் தடவையைவிட நன்றாக.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் அப்பா முகம் சிவந்து வீட்டுக்கு வந்தார். மெஸ்ஸில் யாரோ ஒருவர், "அண்ணே, உங்க வீட்டம்மா கொரலு அப்பிடியே நெஞ்சுக்குள்ள நிக்குது" என்று சொல்லிவிட்டாராம். சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அப்பாவுக்கு அது வேறு மாதிரி விழுந்துவிட்டது.

"கலாஸ், முடிஞ்சுது. இனி நாடகமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கண்டவன் நெஞ்சுல நிக்கவா ஒன்ன கூட்டிட்டு வந்தேன்?"

"நாளையோட முடியுது. பாதியில விட்டா அந்த மனுசன் கதை என்னத்துக்கு ஆகும்?"

"கதையா முக்கியம்?"

"எனக்கு முக்கியம்" என்றாள் அம்மா. மறுநாள் அப்பா, லீவு நாளான வெள்ளிக்கிழமையும் டூட்டி என்று பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் நாடகம் அப்படியே நின்றுவிடும். கையை ஓங்கியவர் ஓங்கியபடி, அழுதவர் அழுதபடி. பார்க்கிறவர்களும் அசையமாட்டார்கள். பாங்கு முடிந்ததும் தொழுகிறவர்கள் போய்வர இடைவேளை. அன்றைக்குச் சரியாக மஃரிப் என்கிற அந்திப் பாங்கு தொடங்கிய நேரத்தில் அப்பாவின் பிக்கப் வந்து நின்றது. கதவை அறைந்து சாத்தி இறங்கியவர், ஊரே உறைந்து நிற்பதைப் பார்த்ததும் இருந்த இடத்தில் நின்றுவிட்டார். கத்த முடியாது, நடக்கவும் முடியாது, பார்க்கத்தான் முடியும். அம்மாவும் திரை ஓரமாக அவரைப் பார்த்துவிட்டாள், ஆனால் அசையவில்லை.

பாங்கு முடிந்ததும் அப்பா முருகன் அண்ணனிடம் கேட்டது எங்களுக்கே கேட்டது.

"என்னல இது? அந்தப் பக்கம் அவ்வளவு எடம் கெடக்கு, எல்லாரும் இந்தப் பக்கமா ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்திருக்கீங்க?"

"அந்தப் பக்கம் உக்காந்தா திரைக்குப் பின்னால அக்கா தெரிவாங்கண்ணே."

"யாரு சொன்னா?"

"இத ஒருத்தர் சொல்லணுமாண்ணே?"

அந்த இடம் ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்று நானும் யோசித்ததில்லை, காற்று அடிக்கும்போல என்று நினைத்திருந்தேன். அப்பா சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தபோது அம்மா பையை எடுத்துச் செருப்பையும் மாட்டியிருந்தாள்.

"எங்க கெளம்புத?" என்றார்.

"நீங்கதானே கூப்பிட வந்தீங்க?"

"இன்னும் முடியலல்லா" என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டு, வந்த வழியே போய் அந்த நெருக்கத்துக்குள் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் அம்மா குரல் கொஞ்சம் நடுங்கியது. கதைக்கு அது பொருத்தமாகவே இருந்ததாக ஹமீது காக்கா சொன்னார்.

அடுத்த குளிருக்குள் அப்பாவுக்கு ஷார்ஜாவுக்கு மாற்றல் வந்தது. ஹமீது காக்கா கடையைக் கொடுத்துவிட்டு ஊர் போனார் என்று கேள்விப்பட்டோம். மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. தாத்தா இப்போது இல்லை. ஆச்சியிடம் போனில் கேட்டுப் பாருங்கள், "அதெல்லாம் ஒரு நடிப்பா" என்று பேச்சை மாற்றிவிடுவாள். இன்று பெரிய அரங்கில் ஏசி போட்டு, பெண்களே மேடை ஏறி நடிக்கிறார்கள். நல்லதுதான், யாழினி நடித்தால் நான் முதல் வரிசையில் உட்காருவேன். ஆனால் அந்த மாதிரி நெருக்கி உட்கார்ந்தவர்களை நான் பிறகு பார்க்கவில்லை.

போன குளிரில் வேலை விஷயமாகத் தனியாக கோர்ஃபக்கான் போனேன். மைதானம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. வேலை முடிந்து கடற்கரைப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தேன். சற்றுத் தள்ளி, யார் வீட்டிலோ வேலை செய்கிற ஒரு பெண்மணி, கிடைத்த ஓய்வில் போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு ரசத்துக்கு எவ்வளவு புளி என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தமிழன் என்று தெரிந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார் என்று தோன்றியது. எழுந்து, அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்து, கடைசிப் பெஞ்சில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.