பிஸ்தாவுக்கு எக்ஸ்டென்ஷன்

கம்பெனி கேட்டில் ஒரு செக்கிங், வீட்டு வாசலில் ஒரு செக்கிங். பீன்யாவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டிய முனிராஜ், சாயங்காலம் ஒக்கலிபுரத்து வீட்டுக்கு வந்ததும் நேராக உள்ளே போய்விட முடியாது. டிபன் கேரியரைப் படியில் இறக்கி, கொக்கியை நீக்கி, மூன்று அடுக்கையும் பரப்பி வைக்க வேண்டும். பிஸ்தா எழுந்து வருவான். வாலை ஆட்டாமல், டியூட்டி முகத்தோடு முதல் அடுக்கில் மூக்கை விடுவான். காலி. இரண்டாவதும் காலி. மூன்றாவதில் சப்பாத்தித் துண்டோ அரை இட்லியோ கிடக்கும். அதைப் பறிமுதல் செய்துவிட்டு, ஒரு தும்மல் போட்டு, நகர்ந்து வழிவிடுவான். பிறகுதான் முனிராஜ் செருப்பைக் கழற்றுவார்.

தொண்ணூறாம் வருஷம் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து தானாகப் பின்தொடர்ந்து வந்த, ஒற்றைக் காது மட்டும் வெள்ளையான நாய் அவன். வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்து, "ஒரு வயசுதான்" என்று முனிராஜ் தீர்ப்புச் சொன்னார். இரும்பை நூல் பிசகாமல் அளக்கிற கண் ஆயிற்றே, மனைவி ராஜலக்ஷ்மியும் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து காலையில் கம்பெனி பஸ் வரைக்கும் வழியனுப்புவது, சாயங்காலம் செக்கிங், நடுவில் தெருவில் சைக்கிள்களைத் துரத்துவது என்று பிஸ்தாவுக்கு ஓய்வே கிடையாது.

தொண்ணூற்றெட்டில் முனிராஜுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அந்த வாரம்தான் மெடிக்கல் ஷாப் ரவிக்குமார் பேச்சுவாக்கில் சொன்னான், நாய்க்கு ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷத்துக்குச் சமம் என்று. முனிராஜ் மனசுக்குள் பெருக்கினார். பெருக்கிக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா, இவனுக்கு அறுபத்திமூணு! என்னைவிட அஞ்சு வருஷம் சீனியர். இன்னும் டியூட்டி பாத்துக்கினு இருக்கான் பாரு!"

சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். ரவிக்குமார் கேமராவோடு வந்து ஒரு போட்டோவும் எடுத்தான்.

சிரிப்பு மேலுக்குத்தான். கூட வேலை பார்த்த இரண்டு பேர், ரிட்டயரான வருஷம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்ததை முனிராஜ் கண்ணால் பார்த்தவர். பிஸ்தாவை அப்படி விடக்கூடாது, பொத்திப் பொத்தி வைத்தாவது பதினைந்து வயது வரைக்கும் கொண்டுபோய்விட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டார். மேல்வீட்டு பேங்க் ஆபீசரின் பொமரேனியன் மெத்தையைவிட்டு இறங்காமலே பதினைந்து வருஷம் இருந்ததே. ஆகவே வெளியே போகத் தடை. சைக்கிளுக்குத் தடை. மூன்று வேளையும் ராகிக் கஞ்சி. கேரியர் பரண்மேல் ஏறியது.

பிஸ்தா ஊதிப் பெருத்தான். கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் தலையைத் தூக்கிக் கதவைப் பார்ப்பான், பிறகு தலையைக் கீழே வைத்து முன்னங்காலை நக்குவான். நக்கி நக்கி அங்கே தோல் சிவந்து புண்ணானது. கஞ்சி ஆடை கட்டிக் கிடந்தது.

"நீங்க ஒரு மூலை, அது ஒரு மூலை," என்றாள் ராஜலக்ஷ்மி. "வீடா இது, ஆஸ்பத்திரி வார்டா?"

ஆட்டோ வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தாள், எடை போட்டாள், முதுகைத் தட்டிப் பார்த்தாள்.

"இவனு ஏனு கெலசா மாடுத்தானே?" என்ன வேலை செய்கிறான் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"ரிட்டயர்டு, மேடம்."

"யாரு? நீவா, இவனா?"

"ரெண்டு பேரும்."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "நோய் ஒண்ணும் இல்ல. போர் அடிக்குது, அவ்ளோதான். நடக்க வைங்க. பழைய வேலைய திருப்பிக் குடுங்க."

வேலையைத் திருப்பிக் கொடுப்பதென்றால் கேரியர் வேண்டும். கேரியர் என்றால் யாராவது எங்காவது போய்வர வேண்டும். மறுநாள் காலையில் முனிராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். கையில் கேரியர், பக்கத்தில் பிஸ்தா. பஸ் ஸ்டாப்பில் பழைய கூட்டாளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னா முனிராஜண்ணா, எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்களா?"

"எனக்கில்லபா. இவனுக்கு."

பஸ் போனதும் பிஸ்தா வீட்டுக்குத் திரும்பினான். முனிராஜ் கால் போன போக்கில் நடந்து, ஏதாவது பார்க்கில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டு, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு, சாயங்காலம் கேரியரைப் படியில் பரப்பினார். முதல் நாள் பிஸ்தா எழுந்திருக்க நேரமானது. அடுக்கடுக்காக மோந்தான். மூன்றாவதில் இருந்ததைத் தின்றான். தும்மினான். ராஜலக்ஷ்மி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

புண் ஆறியது, தொப்பை கரைந்தது. சைக்கிள்காரர்களுக்கு மறுபடியும் கெட்ட காலம் ஆரம்பித்தது. அப்படியே நாலு வருஷம். ஒரு சாயங்காலம் செக்கிங் முடித்துப் படியிலேயே படுத்தவன், பிறகு எழுந்திருக்கவில்லை.

முனிராஜ் தேம்பவில்லை. ஆனால் வயசுக் கணக்கு அவரை விடவில்லை. "பதிமூணுதானே ஆச்சு? படுக்க வச்சிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இருந்து பதினஞ்ச தொட்டிருப்பானா? நாந்தான் வேலை வாங்கி அனுப்பிட்டேனா?" ராஜலக்ஷ்மி என்ன சொல்லியும் கேட்கவில்லை.

சால்வை போட்டோவுக்கு ஃப்ரேம் போட சிவாஜிநகருக்குப் போனார். கடை வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த முத்தம்மா, ஒரு முழம் தள்ளிவிடலாம் என்று எட்டிப் பார்த்தவள், போட்டோவைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.

"ஐய, இது எங்க சோலை! ஒத்தக் காது வெள்ளை, பாருங்க. ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னாடி நாங்க குடியிருந்தப்ப பொறந்த குட்டி. வீட்ட காலி பண்ணி இந்தப் பக்கம் வந்தப்ப கூப்ட்டா வரல."

"எந்த வருஷம்மா பொறந்தது?"

"வருஷம்லாம் எனுக்கு இன்னா தெரியும்? எம் பொண்ணு பொறந்த அதே வாரம். ரெண்டுத்துக்கும் ஒரே பாலு."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினாறு முடிஞ்சிச்சி. இந்த வருஷம் எஸ்எஸ்எல்சி எழுதறா."