மூச்சு எடுக்கிற இடம்

எங்கள் லிங்கநகர் வீட்டின் பின்னறையில், எதிரொலி வராமல் சுவரோடு சாய்த்து வைத்த இரண்டு மெத்தைகளுக்கு நடுவே, அக்கா ஒலிவாங்கியின் முன்னால் நின்ற அந்த முற்பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அது ஓயும்வரை பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். "திரும்ப எடுப்பம் தம்பி," என்றாள். அவளுக்கு நாள் இருக்கவில்லை. ஆனாலும் முகத்தில் அவசரம் தெரியவில்லை.

அவள் கழுத்தில் தைரொயிட் கட்டி இருந்தது. உடனே வெட்டி எடுக்க வேண்டும், குரல் நரம்புக்குக் கிட்ட இருப்பதால் குரல் போகவும் கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதை ஆறு வாரம் தள்ளிப்போட்டாள். பல வருடங்களாக எழுதி மெட்டமைத்து வைத்திருந்த எட்டுப் பாட்டுகளையும், பெரிய வாத்தியக் குழுவோடு ஓர் இசைத்தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் ஆசை. குழுவைச் சேர்க்க அவகாசம் இல்லை. "என்ர குரலை முதல்ல எடுத்து வை. வயலின் எல்லாம் பிறகு வரட்டும்," என்றாள். முதலில் ஒப்பரேசனைச் செய் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒலிப்பதிவு என் தொழில். எனக்கும் அந்தப் பாட்டுகள் வேண்டியிருந்தன.

சத்திரசிகிச்சை முடிந்து வந்தபோது அவளிடம் மிஞ்சியிருந்தது காற்றோடு வரும் ஒரு கரகரப்பு மட்டும்தான். தள்ளிப்போட்டதுதான் காரணமா என்று நான் டொக்டரிடம் கேட்கவேயில்லை.

சில மாதங்கள் கழித்து, தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் வாத்தியக்காரர் பதினான்கு பேர் கூடினார்கள். பாதிப்பேர் தேவாலயப் பாடகர் குழுக்களில் வயலின் வாசிப்பவர்கள். செல்லோக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்கள். காதில் மாட்டிய ஹெட்போனில், முன்பு பதிந்த அக்காவின் குரலைக் கேட்டபடி வாசிக்க வேண்டும். எல்லோரும் பிந்திக்கொண்டே இருந்தார்கள். குழுவை நடத்திய சங்கீத மாஸ்டர் கடைசியில் கையை இறக்கிவிட்டார். "என்னைப் பாக்காதேங்கோ. அவ மூச்சு எடுக்கிற இடத்தில வில்லைத் தூக்குங்கோ," என்றார். அதன்பிறகு ஒருவரும் பிந்தவில்லை. பின்னால் கதிரையில் இருந்த அக்கா, ஒவ்வோர் அடிக்கு முன்னாலும் தானும் மூச்சை இழுத்ததைக் கண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் துறைமுகத்தடி மண்டபமொன்றில் வெளியீடு நடந்தது. இறுவட்டுப் போட்டுக் கேட்கும் கருவி இப்போது யாரிடம் இருக்கிறது? கைபேசியில் பிடித்தால் பாட்டுகள் வரும் குறியீட்டை அச்சடித்த அட்டையைத்தான் கொடுத்தோம். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அவளுடைய மூச்சு பெரிய ஒலிபெருக்கிகளில் கேட்டது. மேடையில் பதினான்கு பேரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். முன்வரிசையில் அவள் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு, நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்கு அவள் வந்தாள். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். சாம்பல்தீவிலிருந்து பஸ் பிந்தி, கடைசிப் பாட்டுக்குத்தான் வந்துசேர்ந்த ஒரு பெண் அட்டையும் கையுமாக அவளிடம் கேட்டாள்:

"பாடினவ எங்க இருக்கிறா, அக்கா? ஒருக்காப் பாத்துக் கதைச்சிட்டுப் போகவேணும்."

"நான்தான்," என்றாள் அக்கா, அந்தக் கரகரப்பில்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பகிடி விடாதேங்கோ."

அக்காவும் சிரித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். ஓம், இவதான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான் முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

"அவ இண்டைக்கு வரேல்லை பிள்ளை," என்றாள் அக்கா. "நீங்கள் கேட்டனீங்கள் எண்டு சொல்லிவிடுறன்."