கிணற்றடியில் உம்மா

போர்க்காலக் குடும்பங்களைப் பற்றிய கதைகளில் வீடு எப்போதும் தாயின் மடிதான். அப்படியொரு நாவலை வாசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வளவில் பழைய தென்னோலைக் கிடுகை எரித்தார்கள். அந்தப் புகை என்னை எண்பதுகளின் கல்முனைக்குக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, உம்மா நெல் அவித்துக் குத்தி விற்றுக் கட்டிய கல்வீட்டை மூத்த மகளான ராத்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, சிறுமியான என்னோடு பின்வளவுக் கிடுகுக் குடிலுக்குப் போனார். சாகும்வரை குடியிருக்கும் உரித்தை உறுதிப் பத்திரத்தில் சேர்த்திருக்கலாம். பிற்காலத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் எழுத்தராக இருந்தபோது நான் எல்லோருக்கும் சொன்னது அதைத்தான். உம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை.

ஒரு மாலை வெடிச்சத்தம் நெருங்கியது. தெருவில் கிடுகுக் கூரைகள் எரியத் தொடங்கின. உம்மா என்னை இழுத்துக்கொண்டு கல்வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ராத்தாவின் கணவர் மச்சானின் ஊரிலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர்கள்.

"புள்ளய விடுங்க மாமி," என்றார் மச்சான். "நீங்க கிணத்தடியில இருங்க. உள்ளுக்கு எங்கட ஆம்புளயாக்கள் இரிக்காங்க, உங்களுக்கும் கூச்சமா இரிக்கும்."

"ஓம் மகன்," என்றார் உம்மா. ராத்தா என்னை மட்டும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

விடிந்தபோது குடில் சாம்பலாகியிருந்தது. உம்மா கிணற்று நீரில் நனைத்த ஈரச் சேலையோடு உயிருடன் இருந்தார். சாம்பலைக் காலால் அளந்து பார்த்துவிட்டு, "இதில ரெண்டு அறை எடுக்கலாம் புள்ள. உனக்கும் மாப்பிள்ள பார்க்கணுமே," என்றார்.

கட்டினார், எனக்குச் சீதனமாகக் கொடுத்தார். அதை என் மகளுக்கு எழுதும்போது குடியிருக்கும் உரித்தைச் சேர்க்கச் சொன்னேன். "எங்கள நம்பல்லயா மாமி?" என்று மருமகன் சிரித்தார். சேர்க்கவில்லை. இந்தப் பின்னறைக்குள் புகை நன்றாகவே வருகிறது.