கமாண்டர் சாருக்கு மைக் கட்டினேன்

1. முதல் நாள் பாடம்

மைக் செட் தொழிலுக்கு நான் வந்த முதல் நாள், முதலாளி என்னைக் கடையிலிருந்த முருகன் படத்துக்குச் சூடம் காட்டச் சொன்னார். காட்டினேன். அதே தட்டை ஆம்ப்ளிபயருக்கும் காட்டச் சொன்னார். அதையும் செய்தேன். பிறகு என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டுச் சொன்னார்:

"டேய் வேலு, இது சாமிக்கும் பாடும், சாமியே இல்லேங்கிறவனுக்கும் பேசும். செட்டுக்காரனுக்குக் கட்சி கெடையாது. மேடையில எவன் பேசினாலும் நீ கை தட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூஞ்சியச் சுழிக்கக் கூடாது. ஒன் சோலி வால்யூம். அம்புட்டுத்தான்."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இந்த ஒரு பாடத்தை மட்டும் ஒழுங்காகப் படித்தேன். போடியில் எல்லாக் கட்சிக்கும் செட்டு கட்டியிருக்கிறேன். பகையாளிகள் இரண்டு பேருடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் நான்தான். சாவு வீட்டிலும் நான்தான். முதலாளி காலமான பிறகு கடை என் கைக்கு வந்தது. அவர் சொன்ன விதியை நான் மீறியது ஒரே ஒரு தடவை. அந்தக் கதையைத்தான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

2. பஸ் கண்டக்டர்

கமாண்டர் சார் எங்கள் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் கடற்படைக்குப் போய், பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்று, அப்பா விட்டுப்போன மாந்தோப்புக்குத் திரும்பி வந்தவர். ஊரில் 'கப்பக்காரரு' என்றால்தான் தெரியும். கடலே இல்லாத ஊருக்கு ஒரு கப்பல்காரர்.

ஒரு நாள் கடைக்கு வந்து, "வேல்முருகன், எனக்கு ஒரு ஆம்ப்ளிபயர், ரெண்டு குழாய் ஸ்பீக்கர். ஞாயித்துக்கெழம ஊர் ஊராப் போகணும். வருவீங்களா?" என்றார்.

"தேர்தலுக்கா சார்?"

"இல்ல. அணுகுண்டு வேணாம்னு பேசுறதுக்கு."

 "குண்டு நம்ம ஊருக்கா சார் வருது?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வராதுன்னு எந்த ஊர்க்காரனுக்கும் யாரும் எழுதிக் குடுக்கல" என்றார்.

முதல் கூட்டம் முந்தலில், டீக்கடைக்கு எதிரே. மைக்கைக் கொடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னேன். எல்லோரும் ஹலோ ஹலோ என்பார்கள், இல்லாவிட்டால் தட்டிப் பார்ப்பார்கள். அவர் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"குரங்கணி. கொட்டகுடி. போடிமெட்டு. முந்தல். சிலமலை. பொட்டிபுரம். தேவாரம். போடி."

டீக்கடையில் இருந்த ஒருவன் கத்தினான்: "அண்ணே, பஸ்சு எத்தன மணிக்கு? தேவாரத்துக்கு ஒரு டிக்கெட்டு போடுங்க!"

கடை முழுக்கச் சிரிப்பு. நான் விதிப்படி தலையைக் குனிந்துகொண்டேன்.

கமாண்டர் சார் அவனைப் பார்த்து, "மாப்ளே, டிக்கெட்டே வேணாம். பெரிய குண்டு ஒண்ணு விழுந்துச்சுன்னா இத்தன ஊரும் ஒரே ஊராயிரும். அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

சிரிப்பு நின்றது. ஆனால் கூட்டம் சேரவில்லை. வந்த பஸ்சில் பாதிப் பேர் ஏறிப் போய்விட்டார்கள். மீதிப் பேரில் ஒரு பெரியவர், "கவர்மெண்டு பென்சன வாங்கித் தின்னுட்டு நாட்டுக்கு எதுத்தாப்புல பேசுறியே அப்பு, வெக்கமா இல்ல?" என்று கேட்டார்.

"நாட்டுக்காகத்தான் பேசுறேன் அண்ணே. நாடுன்னா இந்தா நிக்கிற நீங்கதான? எல்லா நாட்டுக்காரனும் சேந்து குண்டக் கீழ வைக்கணும்கிறேன். நம்மளும் அதுல ஒரு ஆளு."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது அவர் என்னிடம் கேட்ட ஒன்று இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. "நீங்க தினம் சூடம் ஏத்துறவரு. ஓமத்துல வளக்கிற சாமி அக்கினி. அந்தப் பேர ஏவுகணைக்கு வச்சிருக்கோமே வேல்முருகன், ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

அதுவரை தோன்றியதில்லை. மறுநாள் காலையில் கடையில் சூடம் ஏற்றும்போது கை கொஞ்சம் நின்றது.

3. ஏலக்காட்டில் ஒரு மழை

அவர் பேச்சை ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டதை நான் முதலில் பார்த்தது மலை மேலேதான். போடிமெட்டு தாண்டி ஓர் ஏலத்தோட்டம். வேலையாட்கள் எல்லாம் நம் பக்கத்து ஜனங்கள், பேச்சில் மட்டும் கொஞ்சம் மலையாளம் ஏறியிருக்கும். காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் செட்டைக் கட்டினேன். பேச ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆம்ப்ளிபயருக்குப் படுதாவைப் போர்த்திவிட்டு எல்லோரும் ஸ்டோருக்குள் ஒதுங்கினோம். குழாய் இல்லாமல் வாயாலேயே பேசினார்.

"கப்பல்ல ஒரு ட்ரில் உண்டு. அணுகுண்டு போட்டா என்ன செய்யணும்னு. கதவு, சன்னல் அம்புட்டையும் அடச்சிட்டு உள்ள உக்காந்துருவோம். வெளிய கப்பல் மேல முழுக்கத் தண்ணியப் பீச்சி அடிக்கும், இந்தா பெய்யுதே, இதே மாதிரி. விசத் தூசி ஒட்டாம கழுவி விடுறதுக்கு. ட்ரில் முடிஞ்சா எங்க ஆளுக டீ குடிக்கப் போயிருவாங்க. எனக்கு மட்டும் டீ எறங்காது. கப்பலக் கழுவிட்டோம், சரி. திரும்பிப் போறதுக்குக் கரை இருக்குமா? கரையக் கழுவ யாரு தண்ணி வச்சிருக்கா?"

 ஒரு அம்மா, தலையில் கட்டிய துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்: "சாரே, காய்க்கு மருந்தடிச்ச அன்னைக்கு நாங்க ஓடையில குளிச்சிட்டுத்தேன் பிள்ளைகளத் தொடுவோம். அந்த ஓடையே மருந்தாப் போச்சுன்னா எங்கிட்டுப் போயிக் குளிக்க?"

"அதேதான் தாயி" என்றார் கமாண்டர் சார். 

இறங்கி வரும்போது ஜீப்பில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பேசிக்கிட்டே போனா காத்தோட போயிரும் வேல்முருகன். ஒரு ஊரு, ஒரே ஒரு ஊரு, கிராம சபையில தீர்மானம் போடட்டும். 'எங்க பேரச் சொல்லி யாரும் எவன் தலையிலயும் அணுகுண்டு போட வேணாம்'னு. ஒரு ஊரு போட்டா அடுத்த ஊருக்கு அதக் காட்டலாம். நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒண்ணு போதும்."

அப்போதே அவருக்கு இதயத்தில் கோளாறு. மருந்து டப்பா சட்டைப் பையிலேயே இருக்கும்.

4. காந்தி ஜெயந்தி கிராம சபை

ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன். இன்னமும் அங்கே திருவிழாவுக்கு நான்தான் செட்டு கட்டுகிறேன். பொட்டிபுரம் பக்கம், மலையடிவாரத்து ஊர். அப்போது அந்தப் பக்கமெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது, மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று. ஜனங்களுக்குப் பயம். ஊர்த் தலைவர் கமாண்டர் சாரிடம் வாக்குக் கொடுத்திருந்தார்: "காந்தி ஜெயந்தி கிராம சபையில ஒங்க தீர்மானத்த நானே வாசிக்கிறேன். நீங்க வந்து அஞ்சு நிமிசம் பேசுங்க. அம்புட்டுப் பேரும் கை தூக்குவாங்க."

காலையில் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் செட்டைக் கட்டினேன். கூட்டம் நிறைய. இத்தனை பேரை அவர் பேச்சுக்கு நான் கண்டதில்லை. ஆனால் டீ குடிக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது வேறு. "குண்டப் பத்தித் தெரிஞ்ச மிலிட்டரி ஆபீசரே வர்றாரு. மலைக்குள்ள குண்டுதான் செய்யப் போறாகன்னு அவரு வாயால சொல்லட்டும், அப்புறம் இருக்கு."

ஓடிப் போய் அவரிடம் சொன்னேன். "சார், அதப் பத்திக் கேட்டாங்கன்னா பிடி குடுக்காமப் பேசிருங்க. தீர்மானம் பாஸ் ஆகட்டும். மத்தது பெறகு பாத்துக்கலாம்."

"கேட்டா என்ன செய்ய?"

"தெரியலன்னு சொல்லிருங்க சார்."

"தெரியுமேய்யா" என்றார்.

பேசினார். நன்றாகவே பேசினார். வெயில் ஏறியும் யாரும் அசையவில்லை. முடிக்கிற நேரத்தில் முன் வரிசையில் இருந்து ஓர் இளவட்டம் எழுந்தான். "சார், ஒரே ஒரு கேள்வி. மலைக்குள்ள கட்டப்போறது அணுகுண்டுக்குத்தான? ஆமான்னு மைக்குல சொல்லிருங்க. ஒரே கையாத் தூக்குறோம்."

கூட்டம் "ஆமா ஆமா" என்றது. தலைவரும் அவர் முகத்தையே பார்த்தார்.

கமாண்டர் சார் மைக்கைக் கிட்டே இழுத்தார். "தம்பி, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது குண்டு செய்யிற எடம் இல்ல. வானத்துலருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியாத துகள ஆராயிற எடம்."

 நாலா பக்கமும் சத்தம் பிடித்துக்கொண்டது.

"அப்ப மலைய ஒடைக்கட்டும்கிறீகளா?"

"காசு வாங்கிட்டாருப்பா!"

"எங்க ஆடு எங்கிட்டுய்யா மேயும்? அந்த மலைய அடச்சிட்டா நாங்க பட்டிய எங்க போடுறது?" என்று ஓர் ஆத்தா எழுந்து கேட்டது.

"அதச் சொல்லுங்க ஆத்தா!" என்றார் அவர். "ஆடு போகுது, தண்ணி போகுது, மலை போகுதுன்னு சொல்லி எதுத்து நில்லுங்க. நானும் வந்து ஒங்களோட வெயில்ல உக்கார்றேன். குண்டுன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. இன்னைக்கு இல்லாத எடத்துல இருக்குன்னு சொல்லிட்டேன்னா, நாளைக்கு இருக்கிற குண்டப் பத்திச் சொல்றப்ப என்னைய எவன் நம்புவான்?"

தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. இருந்தாலும் வாக்குத் தவறாத மனிதர். தாளை எடுத்துத் தீர்மானத்தை வாசித்தார். "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒருத்தரும் தூக்கவில்லை. அந்த ஆத்தா தூக்கும் என்று நினைத்தேன். அதுவும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தது. கமாண்டர் சார் கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டே வந்தவர் பார்வை என் மேஜை மேல் வந்து நின்றது.

என் கை வால்யூமில் இருந்தது. அதை எடுத்து மேலே தூக்கினேன்.

கையை எடுத்த வேகத்தில் வால்யூம் கூடி, மைக் ஊளையிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒருவன் சொன்னான்: "செட்டுக்காரண்ணே, நீங்க போடி ஓட்டுண்ணே! இங்கன செல்லாது. கைய எறக்கிட்டுச் சத்தத்தக் கொறைங்க."

ஊரே சிரித்தது. சிரிப்பில் இறுக்கம் கலைந்து, தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார். குடிதண்ணீர்த் தொட்டி. அதற்கு எல்லாக் கையும் உயர்ந்தது.

5. கேட்டது

குழாய்களை இறக்கி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். சிலமலை தாண்டும்போது கேட்டார்.

"வேல்முருகன், மைக்கு நல்லா கேட்டுச்சா?"

"கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு சார்."

"ம்" என்றார். "சரியாக் கேக்காமப் போயிருந்தா மனசு ஆறியிருக்கும்."

இந்தத் தொழிலில் பேச்சு எடுபடவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குகிறவன் செட்டுக்காரன்தான். யூனிட் சரியில்லை, ஒயர் சரியில்லை என்பார்கள். அன்றைக்கு என் செட்டில் ஒரு குறையும் இல்லை. அதை நினைத்தால்தான் வருத்தம் கூடுகிறது.

நான் சொன்னபடி "தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்ட ஒரு ஊர் அவருக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு எந்த ஊரும் அவரைக் கூப்பிடவில்லை. 'அரசாங்கத்து ஆளு' என்று மலையடிவாரத்து ஊர்க்காரர்களும் 'அரசாங்கத்துக்கு எதிரி' என்று மற்றவர்களும் ஒதுக்கிவிட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் மட்டும் போய், சந்தைக்கு வந்தவர்களிடம் பேசிவிட்டு வந்தோம். ஒரு நாள் காலையில் தோப்பில் மோட்டார் போடப் போனவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்த மேனிக்குப் போய்விட்டார். ஒரு ஊர்கூட அமையாமலே போய்விட்டார்.

சாவு வீட்டில் செட்டு கட்டினேன், பாட்டுப் போடவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். காரியம் முடிந்து அவர் மகள் என்னிடம் வந்து, "அண்ணே, அப்பா பேசினது எதாவது ரெக்கார்டு இருக்கா? குரல் மட்டுமாவது?" என்று கேட்டது.

இல்லை. கும்பாபிஷேகத்தை ரெக்கார்டு பண்ணியிருக்கிறேன். கல்யாண வீட்டு வாழ்த்துரைகள்கூடப் பெட்டி நிறைய இருக்கின்றன. எங்கே போய்விடப்போகிறார், அடுத்த ஞாயிறும் பேசத்தானே போகிறார் என்று அவருக்கு மட்டும் ஒரு பென் டிரைவைச் செருகத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை "பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

தம்பிகளா, முதலாளி சொன்னது நல்ல பாடம்தான். கட்சி இல்லாமல் இருந்தால் தொழில் நிற்கும். ஆனால் நாலு பேர் கேட்கிற கூட்டம் என்றாலும் ரெக்கார்டிங்கைப் போட்டு வையுங்கள். யாருடைய பேச்சு பின்னால் வேண்டியிருக்கும் என்பது அன்றைக்கு நமக்குத் தெரியாது.

அவர் காலமான வருஷம் சஷ்டிக்குக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் எனக்குப் பழக்கம். "யார் பேருக்கு வேலு?" என்றார். எப்போதும் வீட்டுக்காரி, பிள்ளைகள் பேரைத்தான் சொல்வேன். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு, முந்தல், சிலமலை, பொட்டிபுரம், தேவாரம், போடி."

குருக்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்கெல்லாம் நட்சத்திரம் கெடையாதேப்பா."

"பேர மட்டும் சொல்லுங்க சாமி" என்றேன்.

சொன்னார். ஒவ்வொரு கிருத்திகைக்கும் சொல்கிறார். இப்போது நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே குரங்கணியில் ஆரம்பித்துவிடுகிறார்.