துலுக்காத கிடா

என்னைக் கிடாவாக வெட்டப் பார்த்தவர்கள் நல்ல மனிதர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேளைக்கு வேளை சாப்பாடு போட்டார்கள், மின்விசிறிக்கு நேராகப் படுக்க வைத்தார்கள், ஈஸ்டருக்குச் சாயம் பூசிய முட்டை கொடுத்தார்கள். நேர்ந்துவிட்ட கிடாவை நாமும் அப்படித்தானே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றியதுதான் வம்பாகிவிட்டது.

அப்போது ரங்கூனில், பசுந்தாங் ஓடையை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். எங்களுக்கு மேலே ஓர் உக்ரேன் குடும்பம். கப்பல் பட்டறையில் இன்ஜினியராக இருந்த அங்கிள், ஆன்டி, என்னைவிட ஒரு வயது மூத்த மகள். தெருவில் எல்லோரும் அவரை ரஷ்யாக்காரர் என்றார்கள். ஒருநாள் ஆன்டி கீழே டீக்கடையில் நின்று, "ரஷ்யா இல்லை, உக்ராயினா" என்று திருத்தினார். பர்மாவில் பெரிய மனிதர் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஊ' போடுவார்கள். டீக்கடைக்காரர் அதை ஒரு நாட்டின் பெயராகவே எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அங்கிள் 'ஊ க்ராயினா' ஆகிவிட்டார். ஆன்டிக்குப் பெண்களுக்கு உரிய மரியாதை: 'டோ க்ராயினா'. அவர்களும் கொஞ்ச நாள் போராடிப் பார்த்துவிட்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா அம்மாவை டாக்சியில் உட்கார வைத்துவிட்டு, என்னை மேல்மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"அம்மா நல்லபடியா பொழைச்சு வரட்டும்னு முனீஸ்வரனுக்கு ஒரு கிடா நேர்ந்திருக்கேன். நீ இவங்க சொல்றபடி கேட்டு இரு, என்ன?"

இந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் ஒரே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் அவர்களுக்கு ஈஸ்டர். அப்பா இன்னும் வரவில்லை. ஆன்டி அடிக்கடி கீழே டீக்கடைக்குப் போய் போன் பேசிவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் படியேறி வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிப்பார், தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைப்பார். இந்த ஆன்டிக்கு இவ்வளவு பேச்சு யாரோடு என்று நினைத்துக்கொண்டேன்.

மேசையில் உயரமான இனிப்பு ரொட்டி, சாசேஜ், முட்டைகள், நடுவில் ஒரு தட்டில் வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி. கண்ணுக்கு இரண்டு மிளகு. அங்கிள் ஜெபம் சொல்லி எல்லாவற்றின் மேலும் தண்ணீர் தெளித்தார். பிறகு, "க்ரிஸ்தோஸ் வஸ்க்ரெஸ்!" என்றார். ஆன்டியும் மகளும், "வாயிஸ்தினு வஸ்க்ரெஸ்!" என்றார்கள். என் காதில் 'வாயில தின்னு' என்று தெளிவாக விழுந்தது. சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் அல்லவா? உடனே ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஆன்டி சிரித்த சிரிப்பில் மேசையே ஆடியது.

அதுவரை சுகம்தான். அப்புறம் கரண்டு போனது. ஏப்ரல் வெக்கையில் வெண்ணெய் ஆடு முன்னங்காலை மடித்து மெல்லச் சாயத் தொடங்கியது. அங்கிள் அவசரமாகக் கத்தியை எடுத்து ஒரே வெட்டில் அதன் தலையை எடுத்து என் ரொட்டியில் வைத்தார். மிளகுக் கண் என்னையே பார்த்தது.

மகளுக்குத் தெருவில் விளையாடிக் கற்ற பர்மிய மொழி தெரியும். எனக்கும் தமிழைவிட அதுதான் சரளம். அவள் கிசுகிசுத்தாள்.

"நாளைக்கு உன் மேலயும் தண்ணி ஊத்துவோம்."

"திஞ்ஜான்தான் முடிஞ்சு போச்சே?"

"இது வேற. எங்க அம்மா ஊத்துவாங்க. விருந்தாளி நீ, அதனால உனக்குத்தான் முதல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான், முடிஞ்சுது."

முடிஞ்சுது என்று சொல்லும்போது கைகளைத் தட்டி உதறிக் காட்டினாள். நான் கணக்கில் முட்டாள் இல்லை. ரொட்டி மேல் தண்ணீர் தெளித்தார்கள், வெட்டினார்கள். சாசேஜ் மேல் தெளித்தார்கள், வெட்டினார்கள். ஆட்டின் மேல் தெளித்தார்கள், தலையே போனது. நாளைக்கு நான். அப்பா கிடா நேர்ந்திருக்கிறார். நேர்ந்த கையோடு என்னைக் கொண்டுவந்து இங்கே விட்டிருக்கிறார். அம்மா பிழைக்க வேண்டுமே என்று ஒரு நிமிஷம் தியாக உணர்ச்சிகூட வந்தது. அடுத்த நிமிஷம் போய்விட்டது.

முழுக்க நம்பிக்கை இழந்துவிடவும் இல்லை. எங்கள் முனீஸ்வரன் கோயிலில் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். "துலுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தும், அரிவாள் இறங்கும். முந்தின வருஷம் ஒரு கிடா மட்டும் துலுக்கவே இல்லை. குடம் குடமாக ஊற்றியும் கல்லாக நின்றது. கடைசியில், சாமிக்கு இது வேண்டாம் போலிருக்கிறது என்று அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கிடாவை அன்று நான் மனசார குருவாக ஏற்றுக்கொண்டேன்.

காலையில் பல் தேய்த்துவிட்டு பால்கனிக்கு வந்தேன். ஆன்டி திஞ்ஜான் வெள்ளிக் கிண்ணத்தோடு, பூனை மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தார். சமையலறையில் அங்கிள் கத்தி தீட்டும் சத்தம். மிச்சமிருந்த சாசேஜுக்காம், அதை எனக்கு யார் சொன்னார்கள்?

தலையில் தண்ணீர் விழுந்தது. ஐஸ் போட்ட தண்ணீர். நான் அசையவில்லை.

மகள் கைதட்டிக் குதித்தாள். எனக்கு அசைவு இல்லை. ஆன்டிக்குச் சந்தேகம் வந்து இன்னொரு கிண்ணம் ஊற்றினார். கோயிலிலும் இப்படித்தான், துலுக்காவிட்டால் திரும்ப ஊற்றுவார்கள். ஒரு சொட்டு காதுக்குள் நுழைந்து குறுகுறுத்தது. பல்லைக் கடித்தேன். முட்டி மட்டும் தனியாக நடுங்கியது. முட்டி கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். என்ன ஆயிற்று பையனுக்கு என்று பார்க்க அங்கிள் வெளியே வந்தார். கையில் கத்தியோடு வந்தார்.

அந்த நேரத்தில்தான் அப்பா வாசலில் வந்து நின்றார்.

"டேய், என்னடா இது கோலம்?"

உதட்டைக்கூட அசைக்காமல் சொன்னேன்: "துலுக்க மாட்டேன்."

"என்னது?"

"நான் துலுக்கவே மாட்டேன்பா. வேற கிடா பாத்துக்குங்க."

அப்பா என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்க, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"அடப்பாவி! முனீஸ்வரனுக்கு நாலு கால் கிடாடா. உனக்குத் தங்கச்சி பொறந்திருக்கா. அம்மா கண்ணு முழிச்சதும் உன்னைத்தான் கேட்டா."

அதற்குப் பிறகுதான் தலையை உலுக்கினேன். பால்கனி முழுக்கத் தண்ணீர் தெறித்தது. அப்பா பர்மிய மொழியில் சொல்ல, மகள் அவர்கள் மொழியில் மாற்றிச் சொல்ல, ஊ க்ராயினா கத்தியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு மறுநாள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவது அவர்கள் ஊர் வழக்கமாம். ஆன்டி என்னை ஈரத்தோடு கட்டிப்பிடித்து, முட்டை தின்றதற்குச் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார். பிறகு மீதித் தண்ணீரை அப்பாவின் தலையில் மெதுவாகக் கவிழ்த்தார்.

திஞ்ஜானில் யாராவது சட்டையை நனைத்தால் தெருவையே இரண்டாக்கும் அப்பா, அன்று தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் விழுவதற்கு முன்பே அவர் முகம் முழுக்க நனைந்திருந்ததையும் பார்த்தேன். வெயிலில் மூன்று மாடி ஏறி வந்தவருக்கு வேர்க்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு முட்டையை எடுக்க உள்ளே ஓடினேன்.