ஒரே மட்டம்

நில அளவைத் துறையில் அவளை ‘மட்டம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டக் கருவியும் முக்காலியுமாக ஆற்றங்கரையே கதியென்று கிடந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு, அவள் புருஷன் பிறந்த நாடு. இரண்டு நாடும் தத்தம் கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட்டதால், நடுவில் கட்டிய பாலத்தின் இரு முனைகளும் ஒரு சாண் ஏறுமாறாக நின்றன. இரண்டு கணக்கையும் மல்லுக்கட்டி ஒன்றாக்கிவிட்டு அன்று வீடு வந்தாள்.

“உங்க ஊரு ஒரு சாண் எறங்கிடுச்சாமே?” என்று சீண்டினான் புருஷன்.

“எண்ணுதான் எறங்குச்சு. இனிமே ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்.”

“மட்டமான எடத்துல பொண்ணு எடுக்கறடான்னு எங்கம்மா அன்னிக்கே சொன்னாங்க!”

ஷூவைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: “ஒரே மட்டம்னா உங்கம்மாவும் சேர்த்திதான்.”

உள்ளே மாமியார் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.