கூண்டு ஏற்றாத புயல்

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. தூரத்தில் இடி இடித்தாலே ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குகிற ஆள். லிஃப்டில் ஏறினால் கதவு திறக்கும்வரை சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். அப்படிப்பட்டவனின் போனுக்குப் போன சனிக்கிழமை விடிந்ததும் ஒரு செய்தி வந்தது. பூமியை நோக்கிச் சூரியப் புயல் வருகிறதாம். இன்றே வந்து சேருமாம்.

வழக்கமான வாட்ஸ்அப் புரளி என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்குமா? கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நண்பர் ரகுநாதனுக்குப் போன் போட்டேன்.

“புரளி இல்ல சார், நிஜந்தான்,” என்றார் கொட்டாவியோடு. “சூரியன்ல ஒரு வெடிப்பு. அதுலேர்ந்து மின்னேற்றம் உள்ள துகளெல்லாம் கூட்டமாக் கெளம்பி வருது. பூமியே ஒரு பெரிய காந்தம்தானே? அதுல வந்து மோதும். காந்தம் கொஞ்சம் ஆடும்.”

“ஆடுனா நமக்கு என்ன ஆகும்?”

“ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. பனி நாட்டுப் பக்கம் வானம் பச்சையும் சிவப்புமாத் தெரியும். நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல.”

எனக்கு அந்தக் குடுப்பினை வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாதியில் நிறுத்தத் தெரியாது.

“இன்னொண்ணு சார். பூமியோட காந்த நடுக்கோடு நமக்குத் தெற்க, திருநெல்வேலிப் பக்கமாப் போவுது. அதுக்கு நேரா மேல, பகல் பூரா ஒரு மின்சார ஆறே ஓடுது. கண்ணுக்குத் தெரியாது. புயல் வந்தா அந்த மேல்வானமே கலங்கிரும். சாட்டிலைட் சிக்னல் அதுக்குள்ள பூந்துதான் கீழ வரணும். அதனால பொழுது சாஞ்சப்புறம் ஜிபிஎஸ் தடுமாறலாம். இடத்தைத் தள்ளிக் காட்டும், இல்லேன்னா சிக்னலே விட்டுப்போயிரும். நீங்க என்ன, ஜிபிஎஸ் பாத்தா ஆபீஸ் போறீங்க?”

நான் போகவில்லை. ஆனால் ஒருவர் போகிறார்.

என் தங்கை மலரைக் கட்டிய சேகர், கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவர். நாங்கள் கீரனூர்க்காரர்கள். கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்து வளர்ந்த குடும்பம். படிக்கப் போன இடத்தில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நல்ல மனிதர். ஆனால் அவர் தொழில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டின் ஓரத்தில். கடலில் யாரும் வேலி போட்டு வைத்திருக்கவில்லை. இந்தப் பக்கம் நம் கடல், அந்தப் பக்கம் அடுத்த நாட்டுக் கடல் என்று சொல்வது ஜிபிஎஸ் திரை மட்டும்தான். தாண்டினால் படகு போய்விடும், ஆள் உள்ளே போய்விடுவார். எப்போது வெளியே வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை... விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள்.

அவர் நம்பருக்கு அடித்தேன். மலர் எடுத்தாள். “போன் இங்கதாண்ணே சார்ஜ்ல கெடக்கு. அவுக கடலுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாக. தண்ணி பட்டு ஒண்ணு வீணாப் போச்சுல்ல, அதுலேர்ந்து.”

“எங்க இப்ப?”

“இப்பத்தான் எறங்குனாக. தெருமுனையில சட்டை தெரியுது.”

விஷயத்தைச் சொன்னேன். சூரியன், காந்தம், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிக்கொட்டினேன். “ஒரு கொரல் குடு. நிப்பாட்டு,” என்றேன்.

அவள் வாசலுக்கு ஓடுவது கேட்டது, கூப்பிடுவது கேட்கவில்லை.

“மலரு?”

“கெளம்புன ஆள எப்படிண்ணே பின்னாடி கூப்புடுறது?” குரல் தணிந்திருந்தது. “கடலுக்குப் போற ஆளுண்ணே.”

நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. வெளியே கிளம்பியவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் காரியத்துக்குத் தடங்கல் என்பது நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. நமக்கு அந்தத் தடங்கல் என்றால் அதிகபட்சம் பஸ் போய்விடும். அவர்களுக்கு? போன வருஷம் தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போகிறாரே என்று மலர் ஒரு குரல் கொடுத்ததற்கு, மனிதர் திரும்பி வந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அன்றைக்குக் கடலுக்கே போகாமல் படுத்துவிட்டார்.

‘பரவாயில்லை, கூப்பிடு’ என்று நான் அதட்டியிருக்க வேண்டும். எனக்கும் வாய் வரவில்லை. சூரியனுக்குப் பயப்படுகிறவன் சகுனத்துக்குப் பயப்பட மாட்டானா? நான் கூப்பிடச் சொல்லி, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்...?

“முனை திரும்பிட்டாகண்ணே,” என்றாள்.

அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறி, கோட்டைப்பட்டினம் போய் இறங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. படகுகள் காலையிலேயே போய்விட்டன. படகில் வாக்கி-டாக்கி உண்டு. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து கரைக்கு எட்டாது என்றார்கள். பின்னே எதற்கு வந்தேன்? வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்குப் பதில் அங்கே போய் உட்கார்ந்து பயப்படலாம் என்றுதான்.

சாயங்காலம் நானும் மலரும் படகுத் துறையில் நின்றோம். கடல் குளம் மாதிரி கிடந்தது. காற்றே இல்லை. நாய் ஒன்று வலைக்குவியலில் சுகமாகத் தூங்கியது. புயல் என்றால் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று ரேடியோவில் சொல்வார்கள். படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். இந்தப் புயலுக்கு ஒரு கூண்டும் இல்லை. தலைக்கு மேலே வானமே கலங்கிக்கொண்டிருக்கிறது, கீழே ஒரு பனை ஓலைகூட அசையவில்லை. எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது. சத்தம் போட்டு வருகிற ஆபத்துக்கு ஓடி ஒளியலாம். சத்தமே இல்லாமல் வருவதற்கு எங்கே போய் ஒளிவது?

மலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “தள்ளிக் காட்டும்னா, எந்தப் பக்கம்ணே தள்ளிக் காட்டும்? இங்கிட்டா, அங்கிட்டா?”

அது ரகுநாதனுக்கே தெரிந்திருக்காது.

அந்த ராத்திரியை எழுத எனக்குத் தெம்பில்லை. விடியற்காலையில் துறைக்குப் போய்விட்டோம். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. சேகரின் படகு இல்லை. முதலில் இறங்கிய டிரைவர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டு போனார்: “நேத்துப் பொழுது சாஞ்சதுலேர்ந்து ஜிபிஎஸ்ஸுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுய்யா. நங்கூரம் போட்டு நிக்கிறோம், படகு ஓடுற மாதிரி கோடு இழுக்குது. நாங்க நாலு படகு சேந்து நின்னதால தப்பிச்சோம்.”

மலர் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் குடுமியான்மலைத் திருவிழாக் கூட்டத்தில் அப்படிப் பிடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு இப்போதுதான்.

“நான் கூப்புட்டிருக்கணும்ணே. முதுகு தெரிஞ்சுச்சு. ஒரு வார்த்தை... வாயி வரலண்ணே.”

நான் பயந்தேன். அவரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். யார் யாருக்கு மனு எழுத வேண்டும், எந்த ஆபீஸில் போய் நிற்க வேண்டும் என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. மற்ற வீட்டுப் பெண்கள் மீனைத் தரம் பிரித்துக்கொண்டே இவளைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அந்தப் படகு தெரிந்தது. மலர் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை.

சேகர் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, சோற்றின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது.

“பயந்துட்டேன் மச்சான். திரையில நம்ம படகு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிது. பதறிப்போய்ப் பாக்குறேன், இந்தப் பக்கம் நிக்கிது. அப்பறம் ஒண்ணுமே இல்ல, சிக்னலே போயிருச்சு. வானமும் மூடிக் கெடக்கு. காம்பஸ் ஒடஞ்சு எத்தனையோ நாளாச்சு, அதை எவன் பாத்தான்? எதுத்தாப்புல ஒரு வெளக்கு வேற. நம்ம ஆளுகளா, அவங்க ரோந்தா, தெரியல. வலைய இழுத்துப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, வெளக்கை அணைச்சுட்டு உக்காந்துட்டோம். ஒருத்தன்கூட இருமல.”

“எப்படி மாப்ள வந்தீங்க?”

“விடியட்டும்னு இருந்தோம். சூரியன் வந்துச்சு. அதுதான கெழக்கு? முதுகை அதுக்குக் காட்டிக்கிட்டு ஒரே ஓட்டமா வந்தோம்.”

திசையைக் கெடுத்த சூரியனாரே திசையையும் காட்டியிருக்கிறார். நான் அதைச் சொல்லவில்லை. மலர்தான் சொன்னாள், வேறொன்றை. அண்ணன் போன் பண்ணியதை. அப்போது அவர் சட்டை தெருமுனையில் தெரிந்ததை. தான் கூப்பிடாததை.

சேகர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

“தெரிஞ்சும் கூப்புடலையா?”

“தீப்பெட்டிக்கு நீங்க படுத்த படுக்கை எனக்கு மறக்கலையே,” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவர் சொம்பை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார். “சந்து வழியா ஓடியாந்து எதுர்ல நின்னுருக்கலாம்ல? எதுர்ல வந்து சொன்னா என்ன குத்தம்?”

எனக்கு அது தோன்றவே இல்லை. எம்.ஏ. படித்த அவளுக்கும் தோன்றவில்லை. பயம் வந்துவிட்டால் நமக்கு ஒரு வழிதான் தெரிகிறது — அதுவும் அடைத்த வழி. எத்தனையோ பேர் ராத்திரி பகலாக உட்கார்ந்து சூரியனைப் பார்த்து, கணக்குப் போட்டு, எச்சரிக்கை அனுப்புகிறார்கள். அது விண்வெளியைத் தாண்டி, கடலைத் தாண்டி, என் காபி டம்ளர் வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து ஒரு தெருவின் நீளத்தைத் தாண்டத்தான் முடியவில்லை.

திங்கட்கிழமை மறுபடி கடல். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விடிந்ததும் மலர் என்னை எழுப்பினாள். “அண்ணே, போன்ல பாருங்க.” பார்த்தேன். புயல் ஓய்ந்துவிட்டதாகப் போட்டிருந்தது. பயத்தில் ரகுநாதனையும் ஒரு தடவை எழுப்பிக் கேட்டுக்கொண்டேன்.

சேகர் காம்பஸ் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். வாசல்படி இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பாதித் தெரு போனதும் மலர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சந்தில் ஓடினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முனையில் அவருக்கு எதிரே, நிறைகுடத்தோடு, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“பாத்தாச்சு. இன்னிக்கு ஒண்ணும் இல்லையாம். போயிட்டு வாங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். இனிக் கடல் நாளெல்லாம் இதுதான் ஏற்பாடாம். காலையில் எனக்குப் போன் வரும், நான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் குடத்தைத் தூக்க வேண்டும். சூரியனைக் காவல் காக்க இந்தக் குடும்பத்தில் அகப்பட்டவன் யார் பாருங்கள்.

திரும்பி வர பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. வெயில் சுள்ளென்று முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், எழுந்து நிழல் பக்கமாக மாறி உட்கார்ந்துவிட்டேன் — எதற்கு வம்பு?